கழித்த பைகளும் கழிக்கத் தவறிய பையும்: ரத்த வீணடிப்புக் கணக்கின் மறுவாசிப்பு

தானமாகப் பெற்ற ரத்தம் வீணாவது குறித்த ஆய்வுகள் பலவும் ஓர் எண்ணில் நிலைகொள்கின்றன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பெறப்பட்டு 2017-இல் வெளியான அந்தக் கணக்கின்படி, இந்திய ரத்த வங்கிகள் ஐந்தாண்டுகளில் 28 லட்சம் யூனிட்டுக்கு மேல் கழித்திருக்கின்றன. இதை அலட்சியத்தின் அளவாகவும், கழிப்பு விகிதம் குறைவதைத் திறமையின் சான்றாகவும் கொள்வது வழக்கமாகிவிட்டது. இந்த வாசிப்பு பிழையானது என்பதே என் வாதம்.

யூனிட் என்றால் என்ன என்பதிலிருந்தே பிழை தொடங்குகிறது. அந்த 28 லட்சத்தை ஏறத்தாழ 6 லட்சம் லிட்டர் என்றன அன்றைய செய்திகள். வகுத்தால் யூனிட்டுக்குச் சுமார் 215 மில்லி. கொடையாளரிடம் எடுப்பதோ 350 அல்லது 450 மில்லி. லிட்டர் கணக்கு தோராயமானதுதான். ஆயினும் எண்ணப்பட்டவற்றுள் பெரும்பகுதி பிரித்தெடுத்த கூறுகள் என்பதை அது காட்டிவிடுகிறது. ஒருவரின் ரத்தம் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என மூன்று பைகளாகப் பிரிந்தபின் சோதனையில் தொற்றைக் காட்டும் ‘ரியாக்டிவ்’ முடிவு வந்தால் மூன்றையும் கழிக்க வேண்டும். ஒரே கொடை மூன்று கழிவாகப் பதிவாகும்.

2016-17-இல் கழிந்த 6.57 லட்சம் யூனிட்டில் ஏறக்குறைய பாதி பிளாஸ்மா. தட்டணு ஐந்து நாள்தான் தாங்கும். அது காலாவதியாவதில் வியப்பில்லை. உறைநிலையில் ஓராண்டு தாங்கும் பிளாஸ்மா இவ்வளவு வீணாவதை மறதி என்று விளக்க முடியாது. சிவப்பணுவுக்காகப் பிரிக்கும்போதெல்லாம் பிளாஸ்மா மிஞ்சுகிறது. அதற்குப் போதிய போக்கிடம் இல்லை. இத்தனைக்கும் உபரி பிளாஸ்மாவுக்கு லிட்டருக்கு 1,600 ரூபாய் எனப் பரிமாற்ற மதிப்பு நிர்ணயித்து, வங்கிகளுக்கிடையே ரத்தத்தை மாற்றிக்கொள்ளவும் 2015-இல் மத்திய அரசு வழிவிட்டது. பிளாஸ்மாவிலிருந்து எடுக்கும் அல்புமின் தீக்காயச் சிகிச்சைக்கும் பயன்படும். ஆனைக்குட்டம், சிவகாசி வட்டாரத்துப் பட்டாசுத் தொழிலாளர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

ஆக, அந்த ஒற்றை எண்ணில் போக்கிடமின்றிப் போனதும் பாதுகாப்புக்காகக் கழித்ததும் ஒன்றாகக் கிடக்கின்றன. இப்படிக் கலப்பதன் ஆபத்தை அதே சிவகாசி வட்டாரம் கண்டது. 2018 நவம்பர் 30 அன்று சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் ஓர் இளைஞர் ரத்தம் கொடுத்தார். டிசம்பர் 3 அன்று அது சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்டது. அதில் எச்.ஐ.வி. இருந்தது. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தொற்றை அறிந்த அந்த இளைஞரே ரத்த வங்கிக்குத் தெரிவித்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 2016-இல் அவர் கொடுத்த ரத்தத்திலேயே தொற்று தெரிந்தும் அவருக்குத் தகவல் போய்ச் சேரவில்லை என்பது பின்னர் வெளிவந்தது. அந்த மாத இறுதியிலேயே அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

வழக்கமான கணக்கில் இந்த நிகழ்வைப் பொருத்திப் பாருங்கள். தொற்று தெரிந்த 2016-ஆம் ஆண்டுப் பையைக் கழிப்பது ‘வீண்’. நோயாளியின் உடலில் ஏறிய 2018-ஆம் ஆண்டுப் பை ‘பயன்பாடு’. ஒரு குடும்பத்தைச் சிதைத்த பை வெற்றியாகவும், கழித்தே தீரவேண்டிய பை தோல்வியாகவும் பதிவாகும் அளவுகோலை ஆய்வாளர்கள் எப்படி ஏற்பது? ஒரு நிகழ்வைக் கொண்டு நாடு முழுமைக்கும் பொதுவிதி வகுக்க நான் முனையவில்லை. அளவுகோலின் கோளாற்றைக் காட்ட ஒன்றே போதும்.

கழிப்பை நியாயப்படுத்தினால் அலட்சியம் அதன் பின்னே ஒளிந்துகொள்ளும் என்பர். ஒளிய இடம் தருவது இப்போதைய ஒற்றை எண்தான். காலாவதி, சேமிப்புக் கோளாறு, தொற்று எனக் காரணவாரியாகப் பிரித்தால் அலட்சியம் தனியே வெளிப்பட்டுவிடும். குறைக்க வேண்டியவை முதல் இரண்டும்தான். தொற்றுக்காகக் கழித்த ஒவ்வொரு பைக்கும் எதிரே, கொடையாளருக்குத் தகவல் சொன்ன தேதியை எழுத ஒரு கட்டம் வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருக்கும்வரை பையைக் கழித்த வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.