பழைய காரின் கியர் கம்பி: வெட்டும் முன் அளந்து பாருங்கள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் மினி, மோரிஸ் மைனர் போன்ற பழைய கார்களைப் பேணுவோர் வீட்டுப் பட்டறையிலேயே செய்து பார்க்க விரும்பும் வேலைகளில் ஒன்று, நீண்ட கியர் கம்பியைக் குட்டையாக்குவது. வெட்டி வெல்டிங் செய்வது எளிதாகத் தோன்றும். ஒட்டு பலமாக இல்லாவிட்டால், ஓடும் காரில் கம்பி கையோடு வந்துவிடும்.

1959-இல் அறிமுகமான மினியில் இயந்திரம் குறுக்காக வைக்கப்பட்டு, அதன் அடியிலேயே கியர் பெட்டி அமைந்தது. அதனால் முன்பக்கத் தரையிலிருந்து நீண்ட கம்பி ஒன்று ஓட்டுநரின் கைவரை வந்தது. 1961-இல் வந்த மினி கூப்பரில் இணைப்புக் கூடு ஒன்று சேர்க்கப்பட்டு, குட்டைக் கம்பி ஓட்டுநரின் பக்கத்தில் அமைந்தது.

கியர் கம்பி ஒரு நெம்புகோல். அது திரும்பும் புள்ளிக்கு மேலே 40 செ.மீ., கீழே 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கீழ்முனை 1 செ.மீ. நகர, கைப்பிடிக் குமிழ் 8 செ.மீ. நகர வேண்டும். மேல்பகுதியை 30 செ.மீ. ஆகக் குறைத்தால் 6 செ.மீ. போதும். ஆனால் கை கொடுக்க வேண்டிய விசை மூன்றில் ஒரு பங்கு கூடும். ஏற்கெனவே இறுக்கமாக விழும் கியர் இன்னும் இறுகும். கை எட்டாததுதான் குறை என்றால், வெட்டாமல் வளைப்பதே போதும்.

கம்பி தளர்ந்து ஆடினால், முதலில் அடியிலுள்ள புஷ்ஷைப் பார்க்க வேண்டும். அது தேய்ந்திருந்தால் கம்பியைக் குறைத்தும் பயனில்லை. கியர் போடும்போது உரசல் சத்தம் கேட்டால் கிளட்சையும் சோதிக்க வேண்டும்.

அசல் கம்பியை வெட்டாமல், பழைய உதிரிப்பாகக் கடையில் அதே வகைக் கம்பி ஒன்றை வாங்கி வேலை செய்வது நல்லது. காரிலிருந்து கழற்றி வெளியே வைத்தே வெல்டிங் செய்ய வேண்டும். உள்ளே பெட்ரோல் ஆவியும் ஒயர்களும் உண்டு. குரோமிய, துத்தநாகப் பூச்சை முதலில் தேய்த்து அகற்ற வேண்டும். அவற்றின் புகை நச்சு. வெட்டிய முனைகளைச் சரிவாக அரைத்து, உலோகம் நடுவரை இறங்கும்படி ஒட்ட வேண்டும். அடியிலுள்ள உருண்டை முனைக்கு அருகே சூடு படக்கூடாது. தண்ணீர் ஊற்றாமல் தானாக ஆறவிட வேண்டும். பின் வைஸில் இறுக்கி, முழு பலத்தோடு இழுத்துச் சோதிக்க வேண்டும். பொருத்தியதும் ரிவர்ஸ் உட்பட எல்லா கியரும் இருக்கையிலோ முழங்காலிலோ இடிக்காமல் விழுகின்றனவா என்று, கார் நின்ற நிலையிலேயே பார்க்க வேண்டும்.

ஸ்டியரிங்கில் உள்ள கியரைத் தரைக்கு மாற்றத் தரைத்தகட்டை வெட்டுவது வேறு விஷயம். அது காரின் கட்டமைப்பையே மாற்றுவதாகும். அதற்கு முன்பே சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே.-யிடம் கேட்டுத் தெளிவு பெறுவது அவசியம்.

கழற்றிய அசல் கம்பியை எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்தால், மனம் மாறும் நாளில் ஒரு மணி நேரத்தில் கார் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.