குடிவாரம் என்றொரு விலை

சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினத்தை மரக்காணம் பகுதியோடு பொருத்திக் காட்டுவர் ஆய்வாளர். உமணரைப் பற்றி நாம் நிறையவே எழுதியாயிற்று. உப்பின்மீது அரசுகள் நடத்திய நிர்வாகச் சீர்திருத்தங்களைப் பற்றித்தான் அதிகம் பேசவில்லை.

1805இல் சென்னை மாகாண உப்பு கம்பெனியின் ஏகபோகமாயிற்று. விளைந்த உப்பு முழுவதையும் சர்க்காரிடமே ஒப்படைக்க வேண்டும். அதற்குச் சர்க்கார் தந்த விலையின் பெயர் 'குடிவாரம்'. வயலில் உழுகுடியின் பங்கைக் குறித்த சொல், உப்பளத்தில் மேலிருந்து விதிக்கப்படும் விலையாகிவிட்டது. சொற்களுக்கு நேரும் இத்தகைய வீழ்ச்சிகளை நம் அகராதிகள் பொருட்படுத்துவதில்லை.

மரக்காணத்துக்குத் தெற்கே பிரெஞ்சுப் புதுச்சேரி. அங்கே தனியாக உப்பு விளைந்தால் ஏகபோகம் ஓட்டைப்பானைதான். 1815 உடன்படிக்கைப்படி ஆங்கிலேயர் ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் தர ஒப்பி, பிரெஞ்சு உப்பைத் தம் பிடிக்குள் கொண்டுவந்தனர். 1818இல் அங்கு உற்பத்தியே நிறுத்தப்பட்டது.

பிறகு வந்தது சீர்திருத்தம். உற்பத்தியாளரே விற்கட்டும், அரசு எக்சைஸ் வரியோடு நின்றுகொள்ளட்டும் என்றது 1876ஆம் ஆண்டின் சென்னை உப்பு ஆணையம். காகிதத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அளத்தில் ஒரு மணங்கு உப்பின் விலை சில அணாக்கள். 1882இல் அதன்மீதான வரியோ 2 ரூபாய், 1888இல் இரண்டரை. வரியை முன்கூட்டிக் கட்டி உப்பை வெளியேற்றும் முதல் யாரிடம் இருந்தது? வணிகரிடம்தான். சிறு உப்பளக்காரர் அம்பாரத்தைப் பனையோலையால் மூடிவிட்டு, மழைக்கு முன் ஆள் வருவானா என்று பார்த்திருக்க வேண்டியதாயிற்று. குடிவாரம் அற்பமானாலும் உறுதியான காசு. வந்த சுதந்திரமோ முன்பணம் கொடுத்தவன் சொன்ன விலை. சந்தை வணிகர் கைக்குப் போய்விடுமென்ற அச்சம் அரசுக்கும் இருந்தது. ஆகவே 1889ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னும் ஏகபோகமும் எக்சைஸும் மாகாணத்தில் அருகருகே நடந்தன. விற்கும் முறையை மாற்றியவர்கள் வரியின் பாரத்தை மாற்ற முன்வரவில்லை என்பதே நம் குறை.

1947இல் வரி ஒழிந்தது. 1996இல் உரிம முறையும் போயிற்று. மழைக்காலம் மட்டும் போகவில்லை. வடகிழக்குப் பருவத்தில் பாத்திகள் மூழ்கும், கூலி நிற்கும். உப்பு ஒன்றியப் பட்டியலில் இருக்க, அந்த மாதங்களின் பசி மாநிலத்தின் பொறுப்பாயிற்று. 2022இல் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது.