கேரள மாதிரி

தனிநபர் வருமானம் குறைவாக இருந்தும் கல்வியிலும் ஆயுளிலும் குழந்தை நலத்திலும் முன்னேறிய கேரளத்தின் வளர்ச்சிப் போக்கைச் சுட்டும் தொடர். ஏழை, பணக்கார நாடுகள் பற்றிய உலக விவாதத்தில் இது திருவனந்தபுரத்திலிருந்து நுழைந்தது.

முன்வரலாறு: தொடக்கக் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று 1817இல் திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் பிறப்பித்த ஆணையைப் பலர் எடுத்துக்காட்டுவர், அது எந்த அளவுக்கு நடைமுறைக்கு வந்தது என்பதில் ஒத்த கருத்தில்லை. மிஷன் பள்ளிகள், சமூகச் சீர்திருத்தவாதிகளான நாராயண குரு, அய்யன்காளி ஆகியோரின் இயக்கங்கள், 1957இல் அமைந்த கம்யூனிஸ்ட் அரசு ஆகியவற்றுள் எதற்கு எவ்வளவு பங்கு என்பது எழுதுபவரைப் பொறுத்து மாறுகிறது.

1970–75: முதல்வர் அச்சுத மேனனின் ஆதரவோடு பொருளியலாளர் கே. என். ராஜ் உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தை நிறுவினார். (உள்ளூர் என்பது திருவனந்தபுரத்தின் ஒரு பகுதியின் பெயர்.) தொடங்கிய ஆண்டை 1970 என்றும் 1971 என்றும் குறிப்பர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற ராஜ், முதல் ஐந்தாண்டுத் திட்டத்தை வகுத்தவர்களுள் ஒருவர். மையத்தின் கட்டடங்கள் கட்டடக் கலைஞர் லாரி பேக்கருடையவை: நிலத்தின் ஏற்ற இறக்கத்தோடு வளைந்து செல்லும் செங்கல் சுவர்கள், காற்று வரச் சுவரிலேயே துளைகள்.

ஏழை, பணக்கார நாடுகள் பற்றிய விவாதத்தின் நடுவே 1974இல் ஐ.நா. பொதுச்சபை புதிய பன்னாட்டுப் பொருளாதார ஒழுங்குக்கான பிரகடனத்தை நிறைவேற்றியது. மறு ஆண்டு, ஐ.நா.வுக்காக மையம் தயாரித்த வறுமை, வேலையின்மை குறித்த ஆய்வு நியூயார்க்கில் வெளியானது. ஆய்வு தொட்ட சிக்கல்களுள் ஒன்று சோற்றுக் கணக்கு. பொருளியலாளர்கள் தண்டேகரும் ரத்தும் 1971இல் நாளுக்கு 2,250 கலோரி என்ற அளவை வைத்துப் பார்த்தபோது கேரளம் மிக வறிய மாநிலமாகத் தெரிந்தது. அரிசியைவிட மலிவான மரவள்ளி அந்தக் கணக்கில் உரிய இடம் பெறவில்லை என்றது மையம். குமரி மாவட்டத்தார் மரச்சீனி என்னும் இக்கிழங்கு, திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் காலத்தில் பரவியது. 1942இல் போரினால் பர்மா அரிசி வரத்து நின்றபோது திருவிதாங்கூருக்குச் சோறு போட்டதும் அதுவே. எழுத்தறிவிலோ கேரளம் முன்னே நின்றது: 1971இல் நாட்டளவில் சுமார் 29 விழுக்காடு, கேரளத்தில் 60.

‘மாதிரி’ என்ற சொல் ஆய்வாளர்கள் இட்டதன்று, பின்னர் ஒட்டியது என்பர்; ராஜே அதை ஐயத்தோடுதான் பார்த்தார். அமர்த்தியா சென்னின் எழுத்துகளால் கேரள அனுபவம் மேலும் பரவலாக அறியப்பட்டது.

பிற்காலம்: தொழில் தேக்கமும் படித்தோர் வேலையின்மையும் விமர்சனத்துக்கு உள்ளாயின. வளைகுடா நாடுகளில் வேலை செய்தோர் அனுப்பிய பணம் மாதிரியைக் காத்ததா, அதன் குறையை மறைத்ததா என்பது முடியாத வாதம். மையம் 1998இல் முதல் கேரளப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பை நடத்தியது. அதற்கு முன்பே, 1996இல், திட்டமிடலை உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கும் மக்கள் திட்டம் தொடங்கியிருந்தது. 2025 நவம்பர் 1 அன்று கேரளம் அதிதீவிர வறுமையற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. ஏழைகளைக் கணக்கிட்ட முறைக்குப் பொருளியலாளர் சிலர் விளக்கம் கேட்டனர்.