பெட்டியடியில் வளர்ந்த நம்பிக்கை

வாணிகத்திற்கு இருவகை முதல் வேண்டும். ஒன்று பொருள், மற்றொன்று நம்பிக்கை. பொருளை வட்டிக்குப் பெறலாம். நம்பிக்கையை வட்டிக்குத் தருவார் எவருமிலர். அதனை அவரவரே சிறுகச் சிறுக ஈட்டல் வேண்டும். ஈட்டியதை இழக்கவோ ஒரு நாள் போதும்.

இவ்வுண்மையை நன்கு உணர்ந்து தொழில் நடத்தியோருள் நாட்டுக்கோட்டை நகரத்தார் குறிப்பிடத்தக்கவர். காரைக்குடி, தேவகோட்டை முதலிய ஊர்களில் இல்லம் அமைத்து வாழ்ந்த அவர்கள், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் வந்து இலேவாதேவித் தொழிலைத் தொடங்கினர். சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி திருக்கோயிலை 1859ஆம் ஆண்டில் எழுப்பும் அளவிற்கு அங்கே வேரூன்றினர். மார்க்கெட் தெருவிலும், கோலாலம்பூர் அம்பாங் தெருவிலும் அவர்தம் கடைகள் வரிசையாக அமைந்தன. வெள்ளீயச் சுரங்கம் தோண்டியவர்க்கும், இரப்பர்க் கன்று நட்டவர்க்கும், சில்லறைக் கடை வைத்தவர்க்கும் அக்கடைகள் கடன் வழங்கின.

அக்கடைகளின் உரிமையாளருட் பலர் மலாயாவில் வாழவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அவருடைய பணம் கடலுக்கு அப்பால் இருக்கும். கடிதம் போய் மறுமொழி வருவதற்கு வாரங்கள் பல கழியும். அதற்குள் ஆயிரக்கணக்கான வெள்ளி கைமாறிவிடும். பெட்டிச் சாவியை எவரிடம் கொடுப்பது? கொடுத்தபின் அவரை எவ்வாறு நம்புவது? அத்தொழிலின் வெற்றியும் தோல்வியும் இவ்விரு வினாக்களுக்குக் கண்ட விடைகளையே சார்ந்திருந்தன.

ஆளைத் தெரிந்தெடுத்தல்

திருவள்ளுவர் தெரிந்து தெளிதல் என ஓர் அதிகாரம் வகுத்து, அதனை அடுத்துத் தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரத்தை வைத்தார். ஒருவனை ஆராய்ந்து நம்புதல் முன்னது. நம்பியவனுக்கு ஏற்ற பணியை அளித்தல் பின்னது. முன்னதில் இரண்டு கருத்துகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒருவரின் உயர்வையும் தாழ்வையும் அவரவர் செயலே உரைத்துக் காட்டும் என்பது ஒன்று. சுற்றமில்லாதவர் பழிக்கு அஞ்சார். ஆதலின் அவரை நம்புதல் தகாது என்பது மற்றொன்று. நகரத்தாரின் ஆள் தெரியும் முறை இவ்விரண்டு தூண்களின் மேலும் நின்றது.

முதலிற் சுற்றத்தைக் காண்போம் என்பதே முதலாளியின் எண்ணம். நகரத்தார் சமூகம் ஒன்பது கோயில்களைச் சார்ந்த பிரிவுகளாக அமைந்தது. திருமணம் நிகழும்போது கோயிலிலிருந்து மாலை வருவதும், மணமான ஆடவர் ஒருவர் கோயிலில் ஒரு புள்ளியாகப் பதிவு பெறுவதும் நெடுநாள் மரபு. எனவே வேலை வேண்டி வந்த இளைஞன் இன்ன கோயிலைச் சார்ந்தவன், இன்ன ஊரினன், இன்னார் மகன் என்பவை மறைக்க இயலாத செய்திகளாயின. அவன் தந்தை எந்தக் கடையில் இருந்தார், கணக்கை எவ்வாறு ஒப்புவித்தார் என்பதை ஊரில் இரண்டு பேரைக் கேட்டால் அறியலாம். நற்சான்றிதழ் எழுதி வாங்கும் தேவை அங்கே எழவில்லை. ஊரே சான்றிதழாக இருந்தது.

இதன் மறுபுறத்தையும் மறைத்தல் ஆகாது. கொண்டுவிக்கப் போதல் என்று அம்மக்கள் வழங்கிய கடற்பயணத்தில் ஆடவர் மட்டுமே சென்றனர். மனைவியும் மக்களும் ஊரிலேயே தங்கினர். கடல் கடந்து நிற்பவன் கை நீட்டிவிட்டால், அப்பழி ஊரில் உள்ள குடும்பத்தின் தலைமேல் விழும். பெண் கொடுப்பாரும் எடுப்பாரும் தயங்குவர். வேறு கடைகளும் அவனை ஏற்கமாட்டா. எழுதப்படாத ஈடாக அக்குடும்பம் இருந்தது எனலாம். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய கணவனின் நேர்மைக்கு, அவன் முகத்தைப் பல்லாண்டு காணாத மனைவியின் தனிமையும் ஒரு விலையாயிற்று.

படிப்படியான பயிற்சி

நல்ல குடியிற் பிறந்தவன் என்பதற்காக எவரும் எடுத்த எடுப்பில் பெட்டிச் சாவியைப் பெற்றுவிடவில்லை. இங்கேதான் செயல் என்னும் இரண்டாவது தூண் தோன்றுகிறது.

சிறுவன் முதலில் எண்சுவடி பயின்றான். மா, காணி என இறங்கி, முந்திரி எனப்படும் 320இல் ஒரு பங்குவரை கீழ்வாயிலக்கத்தை மனப்பாடம் செய்தான். தாளும் எழுதுகோலும் இன்றி வட்டியைக் கணக்கிட அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பின்னர்க் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தான். ஏஜெண்டு அமர்ந்திருக்கும் பணப்பெட்டியின் அருகில் இருந்து, கூப்பிட்ட குரலுக்கு எழுந்து, ஏவல் செய்வதே அவன் பணி. ஓலையும் கடிதமும் கொண்டு செல்வான், பணம் எண்ணுவான், வசூலுக்குச் செல்வோருடன் நடப்பான். யார் எந்த முகத்தோடு கடன் கேட்க வருகின்றனர், எந்த முகத்தோடு திருப்பித் தர வருகின்றனர் என்பதைப் பார்த்துப் பழகுவான். வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளும் இவ்வாறு கீழ்ப்படியிலிருந்து தொழில் கற்றதுண்டு.

சில ஆண்டுகள் கழிந்து தேறியவன் அடுத்தாள் ஆனான். கணக்கெழுதும் பொறுப்பும் வசூற்பொறுப்பும் அவனிடம் வந்தன. அதன்பின்னரே மேலாள் எனப்படும் ஏஜெண்டு நிலை கிட்டியது. சில்லறையில் தவறாதவன் நூறில் தவறமாட்டான்; நூறில் தவறாதவன் ஆயிரத்திலும் நிற்பான் என்பதே இப்படிமுறையின் உட்பொருள். ஒரு நாள் நேர்காணலில் அறிய முடியாததைப் பத்தாண்டுப் பழக்கம் அறிவித்தது.

சம்பளச் சீட்டும் ஐந்தொகையும்

உறவும் பழக்கமும் இருந்தும், எழுத்தை அவர்கள் கைவிடவில்லை. ஏஜெண்டாகச் செல்பவருக்கும் முதலாளிக்கும் இடையே சம்பளச் சீட்டு எழுதப்பட்டது. பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை. ஊதியத்தில் ஒரு பகுதி பயணத்திற்கு முன்னரே கொடுக்கப்படும். அது குடும்பத்தின் செலவிற்கு உதவும். எஞ்சியது தவணை முடிந்து திரும்பியபின் கிடைக்கும். கடை ஆதாயம் ஈட்டியிருப்பின் அதிலும் ஒரு பங்கு உண்டு. வறுமை தவறு செய்யத் தூண்டாதிருக்க முன்பணம். பொறுப்பு தளராதிருக்கப் பின்பணம். ஊக்கம் குன்றாதிருக்க ஆதாயப் பங்கு. முதலாளியின் பெயரால் கொடுக்கவும் வாங்கவும் வழக்காடவும் அதிகாரப் பத்திரம் ஒன்றும் அவருடன் சென்றது.

கடையில் நாள்தோறும் வரவு செலவு குறிப்பிற் பதியப்பட்டுப் பேரேட்டிற்குச் சென்றது. கணக்குகளைத் தொகுத்து ஐந்தொகை எடுத்து ஊருக்கு அனுப்புதல் ஏஜெண்டின் கடமை. முதலாளி தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவ்வைந்தொகையைப் படிக்கும்போது, கடலுக்கு அப்பாலுள்ள கடை அவர் கண்முன் விரியும். தவணை முடிவில் புதிய ஏஜெண்டு வந்து சேர்வார். பழையவர் அவரிடம் பேரேட்டை விரித்து, நிலுவை ஒவ்வொன்றையும் காட்டி, கடன்பட்டோரை அறிமுகம் செய்து, கடையை ஒப்புவிப்பார். ஒருவர் எழுதிய கணக்கை மற்றொருவர் கண்கள் பார்க்கும் என்பது தொடக்கத்திலேயே தெரிந்திருந்தமையால், மறைப்பதற்கு இடம் சுருங்கியது.

கடைகள் அமைந்த இடமும் இதற்குத் துணை செய்தது. கிட்டங்கி என்னும் நீண்ட கூடத்தில் பல கடைகள் ஒரே கூரையின் கீழ் இயங்கின. ஒவ்வொரு கடைக்கும் தரையில் ஓரிடம், ஒரு பாய், ஒரு பெட்டி. அதுவே அலுவலகம். உண்பதும் உறங்குவதும் அக்கட்டடத்திலேயே நிகழ்ந்தன. தகுதிக்கு மீறிச் செலவு செய்பவரும், இரவில் காணாமற்போகிறவரும் அடுத்த பாயில் இருப்பவரின் கண்ணுக்குத் தப்ப இயலாது. நடப்பு வட்டி விகிதத்தைக் கோயிலில் கூடி முடிவு செய்தனர். பிணக்குகளையும் ஆங்கே பேசித் தீர்த்தனர். கோயிலுக்குரிய மகமையைக் கடைக்கணக்கிலேயே எடுத்து வைத்தனர்.

இக்கட்டுக்கோப்பினால் ஒரு கடையின் விலாசமே அதன் மதிப்பாயிற்று. அவ்விலாசம் தாங்கிய உண்டியலைத் தொலைவிலுள்ள நகரத்திலும் தயங்காது ஏற்றனர். மேலை நாட்டு வங்கிகளும் நகரத்தாரின் கைச்சாத்தை நம்பிக் கடன் வழங்கின. ஆச்சிமார் தம் சீர்ப்பணத்தை அக்கடைகளில் வட்டிக்கு இட்டனர். பெட்டியடியில் அமர்ந்த சிறுவனின் ஒழுக்கத்திற்கும் இவ்வளவு பெரிய நம்பிக்கைக்கும் இடையே அறுபடாத தொடர்பு இருந்தது.

முறையின் குறைகள்

புகழ்ச்சியோடு நிறுத்திக்கொள்வது வரலாறு ஆகாது. இம்முறையின் வாயில் மிகக் குறுகலானது. ஏஜெண்டு நிலைக்கு உயர்ந்தோர் பெரும்பாலும் அச்சமூகத்தில் பிறந்தோரே. அதே கிட்டங்கியில் அடுப்படியில் நின்ற பிற குலத்து இளைஞன் எத்துணைக் கூர்மதியும் நேர்மையும் உடையவனாயினும், அவனுக்கு அந்த ஏணியின் முதற்படி எட்டவில்லை. சுற்றத்தைப் பார்த்துத் தெளிதல் எளிது. ஆனால் சுற்றம் இன்ன குலத்ததாக இருக்க வேண்டும் என்று வரம்பு கட்டியபோது, செயலே உரைகல் என்னும் மற்றைக் கருத்து பாதியளவே நிறைவேறியது.

இரண்டாவது குறை இதனினும் ஆழமானது. ஏஜெண்டு முதலாளிக்கு நம்பிக்கையானவராக இருந்தார். கடன்பட்டவருக்கும் அவ்வாறே இருந்தாரா? பர்மாவின் வரலாறு இவ்வினாவை வலிந்து எழுப்புகிறது. அங்குள்ள 13 முதன்மை நெல் மாவட்டங்களில் நகரத்தார் கைவசமிருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு. 1938இல் அது 25 பங்காயிற்று. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்து, கடனுக்கு ஈடான நிலங்கள் வந்து சேர்ந்தமையே இதற்குக் காரணம். கடன் கொடுத்தோர் விரும்பியது நிலத்தையன்று, பணத்தையே என்பது உண்மை. ஆயினும் ஐந்தொகையில் சரியாக இருந்த கணக்கு, நிலமிழந்த உழவனின் நெஞ்சில் சரியாகவில்லை. மலாயாவிலும் நிலம் மலாய்க்காரர் கையினின்று போகாதிருக்க, 1913ஆம் ஆண்டிலேயே மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் இயற்றப்பட்டது. நம்பிக்கை மேல்நோக்கி மட்டும் பாய்ந்தால் போதாது. கீழ்நோக்கியும் பாய வேண்டும்.

காலம் செய்த மாற்றம்

அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேறொரு பாடமும் கிடைத்திருந்தது. 1906ஆம் ஆண்டில் சென்னையில் அர்பத்நாட் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலேய நிறுவனம் முறிந்து, பணம் போட்டோர் பலரைத் தெருவில் நிறுத்தியது. கீழே உள்ள பணியாளரை எத்துணைச் சோதித்தாலும், மேலே உள்ளவரைச் சோதிப்பார் இல்லையெனில் நிறுவனம் நில்லாது என்பதை அவ்வீழ்ச்சி உணர்த்தியது. மறு ஆண்டே, நகரத்தாரின் பெரும்பங்களிப்புடன் இந்தியன் வங்கி தோன்றியது. 1937ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே நாளில் திறக்கப்பட்டது. பங்குதாரர், தணிக்கையாளர், சட்டம் என்னும் புதிய காவலர்கள் வந்தனர். குடும்பம் ஈடாக நின்ற இடத்தில் விதிமுறைகள் நிற்கத் தொடங்கின.

பின்னர் வந்த போர் பழைய முறையை உலுக்கியது. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில், பழைய கடன்கள் பல மதிப்பிழந்த ஜப்பானிய நோட்டுகளால் அடைக்கப்பட்டன. வாங்க மறுப்பதும் இடர், வாங்குவதும் இழப்பு என்னும் நிலையில் ஏஜெண்டுகள் நின்றனர். அக்காலக் கடன்களின் சிக்கலைத் தீர்ப்பதற்கென்றே 1948ஆம் ஆண்டில் மலாயாக் கூட்டரசு தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. 1953ஆம் ஆண்டில் குடிநுழைவுக் கட்டுப்பாடு கடுமையானபின், மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆள் மாற்றும் வழக்கம் அடிப்படையிலேயே தளர்ந்தது. ஆள் வந்துபோக வழியில்லாத இடத்தில் பெட்டியடி ஏணியும் நிற்க இயலவில்லை. சிலர் கடையை மூடி ஊர் திரும்பினர். சிலர் குடும்பத்தை அழைத்து இந்நாட்டிலேயே வேர்விட்டனர். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளும் நகர்ப் புதுப்பிப்பில் மறைந்தன.

நிலைத்து நிற்கும் பாடம்

மறைந்ததில் எது போக வேண்டியது, எது காக்க வேண்டியது என்று பிரித்தறிதலே வரலாறு கற்பதன் பயன். குலம் பார்த்து அடைத்த கதவு போக வேண்டியது. மனைவி மக்களின் பிரிவை ஈடாகக் கொண்ட கொடுமையும் போக வேண்டியதே. ஆனால் அக்கதவிற்கு உள்ளே இருந்த ஏணி காக்கத்தக்கது. சிறு பொறுப்பைக் கொடுத்துப் பார்த்துப் பெரும்பொறுப்பை அளித்தல், பயிற்சிக்குக் காலம் தருதல், உறவினராயினும் எழுத்தில் உடன்படிக்கை செய்தல், பணியாளரின் குடும்பம் பசியாதிருக்க முன்னரே வகை செய்தல், ஆதாயத்தில் பங்களித்தல், ஒருவர் கணக்கை மற்றொருவர் பார்க்க வைத்தல் ஆகியவை எந்தக் குலத்தாருக்கும் எந்த நாட்டாருக்கும் பொருந்துவன.

வேலை நாடி வருபவரை ஒரு மணி நேரம் வினவி, சான்றிதழைப் புரட்டிப் பார்த்து, அவர் நேர்மையானவரா என்று முடிவு செய்ய முயல்வது காலத்தின் கட்டாயமாக இருக்கலாம். எனினும் நேர்மை என்பது வாயிலில் கண்டெடுக்கும் பொருளன்று. உள்ளே வந்தபின், முறையான பணியும் முறையான ஊதியமும் முறையான கணக்கும் சேர்ந்து வளர்க்கும் பயிர் அது. அன்று பெட்டியின் அருகில் கைகட்டி நின்ற சிறுவனைப் பார்த்து, இவன் நேர்மையானவனா என்று மட்டும் அந்த முதலாளிகள் கேட்டிருப்பின், அத்தொழில் ஒரு தலைமுறையும் தாங்கியிராது. இவன் நேர்மையாக இருப்பதற்கு ஏற்றவாறு கடை அமைந்திருக்கிறதா என்றும் அவர்கள் கேட்டனர். தம் கடையில் பணிபுரிவோரை நம்ப விரும்பும் ஒவ்வொருவரும் முதலில் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா அதுவேயாகும்.