கார்க் நகரசபையும் சேலம் நகரசபையும்

நாகபுரி காங்கிரஸ் தன் லட்சியத்தைத் திருத்திக்கொண்ட வரலாற்றை இவ்வாரம் விவரிப்பதாகச் சென்ற இதழில் வாக்களித்திருந்தோம். ஆயினும், 1920 டிசம்பர் 26-ஆம் தேதி கூடிய அம்மகாசபை, அயர்லாந்தின் விடுதலைக்காகப் பிராணத்தியாகம் செய்த டெரன்ஸ் மக்ஸ்வினிக்கு அஞ்சலி செலுத்தித் தீர்மானம் நிறைவேற்றியபோது அக்கிராசனத்தில் வீற்றிருந்தவர் நமது சேலம் விஜயராகவாச்சாரியார் என்பதை நினைக்குந்தோறும், விவாதத்துக்குள் புகுமுன் அவ்விருவரையும் அருகில் நின்று காண வேண்டுமென்ற ஆவலை அடக்க இயலவில்லை.

மக்ஸ்வினி நாடகாசிரியர். 1908-இல் டேனியல் கார்க்கரியோடு சேர்ந்து கார்க் நகரில் நாடக சங்கம் கண்டவர். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து மூண்ட ஈஸ்டர் எழுச்சிக்குப் பின் அயர்லாந்து இருந்த கொந்தளிப்பு நிலை வாசகர் அறிந்ததே. 1920 மார்ச்சில் கார்க் மேயர் மக்கர்ட்டன் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட, அந்த ஆசனத்தில் அமர்வதென்பது மரணத்தின் மடியில் அமர்வதே என்று அறிந்தும் மக்ஸ்வினி அதனை ஏற்றார். ஆகஸ்டு 12-ஆம் தேதி நகரசபை மண்டபத்திலேயே பட்டாளத்தார் அவரைச் சிறைப்பிடித்தனர். அன்றே அவர் உணவை மறுத்தார். இராணுவ நியாயஸ்தலம் இரண்டாண்டுத் தண்டனை விதித்து லண்டனிலுள்ள பிரிக்ஸ்டன் சிறைக்கு அனுப்பியது. மனைவியும் சகோதரிகளும் படுக்கையருகே வந்து வந்து பார்த்திருக்க, அவருடைய தேகம் நாளுக்கு நாள் கரைந்தது. நினைவு தப்பிய கடைசி நாட்களில் வைத்தியர்கள் வாயில் ஆகாரம் புகட்டினார்கள். எழுபத்துநான்காம் நாள், அக்டோபர் 25-ஆம் தேதி, ஆவி பிரிந்தது. ஒரு சொல்லால் அவரை விடுவித்திருக்கக்கூடிய பிரதமர் லாயிட் ஜார்ஜ் அச்சொல்லைச் சொல்லாதிருந்ததை நான் மகாபாதகம் என்றே கருதுகிறேன். பிரேதத்தை டப்ளின் வழியே ஊர்வலமாகக் கொண்டுசெல்லவும் சர்க்கார் விடவில்லை. நாகபுரி சபை கூடுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், டிசம்பர் 11-ஆம் தேதி இரவில், சர்க்கார் படையினர் கார்க் நகரத்துக்குத் தீயிட்டபோது அவரைச் சிறைப்பிடித்த அந்த மண்டபமும் எரிந்து சாம்பலாயிற்று.

இனி நம் சேலத்துக்கு வருவோம். விஜயராகவாச்சாரியாரும் நகரசபையிலிருந்தே புறப்பட்டவர். 1882-இல் அவர் சேலம் முனிசிபல் சபையில் அங்கத்தினராகிச் சிறிது காலத்துக்குள், செவ்வாய்ப்பேட்டை மசூதியைப் பற்றி எழுந்த தகராறு இரு சமூகத்தாருக்கும் பெருந்துயரம் விளைவித்த கலகமாக மூண்டது. அதனைத் தூண்டியவர் என்று குற்றஞ்சாட்டி அவருக்குப் பத்தாண்டுச் சிறைவாசம் விதித்தார்கள். வக்கீலாகிய அவரோ தம் வழக்கைத் தாமே கற்று, வாதாடி, குற்றமற்றவரென்று விடுதலை பெற்றார். அவ்வளவில் அமைந்தாரா? தம் அங்கத்தினர் பதவியைப் பறித்ததற்காக இந்தியா மந்திரியின் மேலேயே வழக்குத் தொடுத்து நூறு ரூபாய் நஷ்டஈடு வாங்கினார்! கடல் கடந்த சாம்ராஜ்யத்தின் மந்திரியைச் சேலத்து வக்கீல் ஒருவர் நூறு ரூபாய் கொடுக்கவைத்த அந்தக் காரியம், தொகையால் அற்பமாயினும், துணிவால் எந்தப் போர்க்கள வெற்றிக்கும் குறைந்ததன்று. அந்தக் கலக வழக்கில் அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்களையும் அவர் மறந்துவிடவில்லை. வைசிராய் ரிப்பன் பிரபுவிடம் முறையிட்டு அவர்களை மீட்கப் பாடுபட்டார். தென்னாட்டுச் சிங்கம் என்னும் பட்டம் அவருக்கு முகஸ்துதியாக வந்ததன்று.

கார்க் நகரத்தவருக்குச் சட்டத்தின் கதவு அடைபட்டிருந்தது. சேலத்தவருக்கு அது ஓரளவு திறந்திருந்தது. இதனாலேயே சட்டத்தில் நம்பிக்கை வைத்து முதிர்ந்த அறுபத்தெட்டு வயதுப் பெரியவர், ஒத்துழையாமையின் அம்சங்கள் யாவற்றையும் ஒப்புக்கொள்ளாதவராயிருந்தும் நாகபுரி சபைக்குத் தலைமை தாங்கினார். அவர் முன்னிலையில் காந்தியடிகள் கொணர்ந்த லட்சியத் தீர்மானத்தையும், அதனை எதிர்த்து ஜின்னா நின்ற நிலையையும் அடுத்த இதழில் காண்போம்.

(தொடரும்)