சோழிக் கணிதரும் கணினித் தொழிலும்

நம் நாஞ்சில் நாட்டு இளைஞர் பலர் இந்நாளிற் கணினித் தொழிலை நாடுகின்றனர். நமக்கு அணித்தாகிய திருவனந்தபுரத்தில் 1990-ஆம் ஆண்டிலேயே டெக்னோபார்க் நிறுவப்பெற்றமையின், அத்தொழில் நமக்குத் தொலைநாட்டுச் செய்தியன்று. ‘பிள்ளைக்கு எதனைக் கற்பித்தல் வேண்டும்?’ எனச் சங்கத்து அன்பர்கள் எம்மை வினவுவதுண்டு. தமிழாசிரியராகிய யாம் விடை கூறப் புகுவது சிலர்க்கு நகை விளைக்கலாம். ஆயினும் பழைய வரலாறு ஒன்று இவ்வினாவிற்கு விடை பகர்கின்றது.

கணித்தல் பொறிக்கு உரியதாகுமுன் மாந்தர் தொழிலாயிருந்தது. கம்ப்யூட்டர் என்னும் ஆங்கிலச் சொல்லும் முன்னாளிற் கணக்கிடும் ஆளையே குறித்தது. நம் மொழியிற் கணியன் என்பது போல என்க. ஜான் வாரன் என்பார் 1825-இற் சென்னையில் வெளியிட்ட ‘காலசங்கலிதம்’ என்னும் நூலிற் புதுவைக் கணிதர் ஒருவரைக் குறிக்கின்றார். அவர் பெயர் அந்நூலிற் சாமி நாடன் சாஷியா எனக் காணப்படுகின்றது (அயலார் செவியிற் பட்டுத் திரிந்த வடிவம் போலும்!). அவர் தரையிற் சோழிகளை வைத்து, மனப்பாடமாயிருந்த வாய்பாடுகளைக் கொண்டே சந்திரகிரகணம் கணித்தார். 1825 மே 31 இரவு நிகழ்ந்த கிரகணத்திற்கு அவர் கண்ட காலம் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் வேறுபட்டது.

அவ்வாய்பாடுகளை மனத்திலிருத்த எண்களைச் சொற்களாக்கி ஓதினர். கடபயாதி என்னும் முறையில் க, ட, ப, ய என்னும் நான்கும் 1 என்னும் எண்ணைக் குறிக்கும். சொல்லை வலமிருந்து இடமாக எண்ணுதல் வேண்டும். சந்திரனுக்கு இத்தகைய வாக்கியங்கள் 248 உள. 248 நாளில் அது பூமிக்கு மிக அணித்தாகிய நிலைக்கு 9 முறை மீளுதலே காரணம். இந்நாளிற் பொறியின்பொருட்டு எழுத்தை எண்ணாக்குகின்றனர். 1991-இல் வெளிவந்த யூனிக்கோடு முறையில் நம் அகரத்தின் எண் 2949.

நிற்க. அக்கணிதர் வானநூற் கோட்பாட்டில் ஒரு சொல்லும் அறியார் என்கின்றார் வாரன். நினைவாற்றலும், செய்முறைகளை மனத்தும் தரையிலும் ஒழுங்குபட வகுக்கும் திறமுமே அவர் உடைமை. அஃதாவது, இன்று பொறி செய்வது யாதோ அதனையே அவர் செய்தார். முடிவில் 52 நிமிடம் ஏன் வேறுபட்டது என ஆராயும் கருவி அவர்பால் இல்லை. நினைவும் ஒழுங்கும் இன்று பொறிக்கு உள. நிரலெழுதும் பணியிலும் ஒரு பகுதியை அதுவே செய்யத் தொடங்கிவிட்டது. பிழையைக் கண்டு அதன் காரணத்தை ஆராய்வானுக்கே இனி அத்தொழிலில் இடம் உண்டு என்பது எம் கருத்து.

நம்மவருட் சிலர் ஆறுமாதப் பயிற்சியின்பொருட்டு நகையை ஈடுவைத்துப் பணங்கட்டுவதைக் காண்கின்றோம். பயிற்சிச்சாலைகளுட் சில சோழி வைக்கும் முறையை மட்டுமே கற்பிக்கின்றன. ஆதலின் பணங்கட்டுமுன் அங்குப் பயிலும் மாணாக்கன் ஒருவனை அழைத்து, அவன் எழுதிய நிரலில் ஒரு வரியைச் சுட்டி, ‘இஃது ஈண்டு ஏன் நின்றது? நீக்கின் யாது நிகழும்?’ என வினவுக. நிரல் அறியாத தாயுந் தந்தையுங்கூட அவன் விடையிலுள்ள தடுமாற்றத்தை உணர்தல் கூடும்.