பொழுதுக்குக் கணக்கு உண்டு, இடத்துக்கு? இயங்கும் நிரலை அளந்த வரலாறு

ஓடிக்கொண்டிருக்கும் நிரல் எவ்வளவு சிபியு நேரம் எடுத்தது என்று கேட்டால், கணினிகள் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓரளவு நேர்மையாகப் பதில் சொல்லி வருகின்றன. எவ்வளவு நினைவகம் எடுத்தது என்று கேட்டால், இன்றைய லினக்ஸ்கூட நிரல் கேட்ட இடம், உண்மையில் தொட்ட இடம், பகிர்ந்ததைப் பங்கிட்ட இடம் என ஒன்றுக்கொன்று பொருந்தாத மூன்று எண்களை நீட்டுகிறது. இந்த ஏற்றத்தாழ்வு எப்படி வந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இயங்கும் நிரலை அளக்கும் ப்ரொஃபைலிங்கின் வரலாற்றை வழக்கமாக அமெரிக்கக் கருவிகளின் வரிசையாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்த வரிசையில் பெங்களூரு விடுபட்டுப்போகிறது. இது நம் வட்டாரத்துக்கும் தேவையான கதை. சென்னைப் புறநகரில் நெமிலிச்சேரிக்கு அடுத்த ரயில் நிலையமான பட்டாபிராமில் 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. சர்வர்களைக் கண்காணிப்பதே வேலையாக உள்ளவர்கள் இந்த ஆவடி, திருநின்றவூர்ப் பாதையில் இனிப் பெருகவே செய்வார்கள். அவர்கள் அன்றாடம் பார்க்கும் எண்களுக்குப் பின்னால் நமக்கு அருகிலேயே, பெங்களூரில், நடந்த வேலை இருக்கிறது.

அளவீடு முதலில் வந்தது கட்டுப்பாட்டுக்காகவும் கட்டணத்துக்காகவும்தான். சென்னை ஐஐடியில் 1973-இல் நிறுவப்பட்ட ஐபிஎம் 370/155 வகைப் பெருங்கணினிகளில், வேலையைக் கொடுக்கும்போதே நேர வரம்பையும் நினைவக வரம்பையும் துளை அட்டையில் குறித்துக் கொடுக்கலாம். நேரம் மீறினால் வேலை எஸ்322 என்ற குறியோடு விழும். கேட்ட இடம் கிடைக்காவிட்டால் எஸ்80ஏ. அந்தக் காலத்தில் இரண்டு கணக்கும் ஒரே அளவுக்கு எளிது. ஒரு வேலைக்கு ஒதுக்கிய நினைவகத் துண்டு அந்த வேலைக்கே உரியது, வேறு யாரும் அதில் கை வைப்பதில்லை.

வேலை முழுவதற்குமான கணக்கை நிரலின் வரிகளுக்குள் கொண்டுவந்தவர்களில் டொனால்ட் க்னூத் முக்கியமானவர். 1971-இல் அவர் வெளியிட்ட ஃபோர்ட்ரான் ஆய்வுக்கான நிரல்களில் சில, ஸ்டான்ஃபோர்ட் கணினி மையத்தின் குப்பைக்கூடையிலிருந்து பொறுக்கியவை. நிரலில் 4 சதவீதத்துக்கும் குறைவான பகுதியே ஓடும் நேரத்தில் பாதிக்கு மேல் விழுங்குகிறது என்று அந்த ஆய்வு காட்டியது. மெதுவான நிரலை எங்கே திருத்துவது என்ற கேள்விக்கு ஊகத்தை விட்டு எண்ணிக்கையைக் கேட்கும் பழக்கம் இதிலிருந்து வலுப்பட்டது. யூனிக்ஸின் ‘ப்ரொஃப்’ கருவி எந்தச் செயற்கூறு எவ்வளவு நேரம் எடுத்தது என்று சொன்னது. 1982-இல் பெர்க்லியின் சூசன் கிரஹாம், பீட்டர் கெஸ்லர், மார்ஷல் கிர்க் மெக்குசிக் மூவரும் அறிமுகப்படுத்திய ‘ஜிப்ரொஃப்’, அந்த நேரத்தை அதை அழைத்த செயற்கூறின் கணக்கிலும் ஏற்றியது. ஒரு செயற்கூறின் ஒவ்வோர் அழைப்பும் சராசரியாக ஒரே நேரம் எடுக்கும் என்று அது எடுத்துக்கொண்டது. அது குறைதான். ஆனாலும் நாற்பது ஆண்டு தாக்குப்பிடித்த கருவியை அந்தக் குறைக்காக ஒதுக்கிவிட முடியாது.

இதே காலத்தில் நினைவகக் கணக்கு குலைந்தது. மெய்நிகர் நினைவகம் வந்தபின் நிரல் கேட்ட இடம் வேறு, உண்மையில் தொட்ட இடம் வேறு. பொது நூலகங்களைப் பல ப்ராசஸ்கள் பகிர்ந்துகொண்டன. சிபியுவின் ஒரு கணம் ஒரே ப்ராசஸுக்கு உரியது என்பதால் அதை எண்ணிவிடலாம். நினைவகத்தின் ஒரு பக்கத்துக்கு ஒரே நேரத்தில் ஐம்பது சொந்தக்காரர்கள் இருக்கலாம். நான் காணும் ஏற்றத்தாழ்வின் வேர் இதுதான். இதற்கு ஆவணச் சான்றும் இருக்கிறது. 1983-இல் வெளிவந்த 4.2பிஎஸ்டி, ஒரு ப்ராசஸ் பயன்படுத்திய வளங்களைச் சொல்லும் ‘கெட்ஆர்யூசேஜ்’ என்ற அழைப்பைத் தந்தது. லினக்ஸ் அதே வடிவத்தை எடுத்துக்கொண்டது. உச்ச நினைவக அளவுக்கான கட்டம் லினக்ஸில் நிரப்பப்பட்டது 2.6.32 பதிப்பில், அதாவது 2009 டிசம்பரில்தான். பகிர்ந்த நினைவகத்துக்கான கட்டம் இன்றும் காலி. கையேடே அதை ஒப்புக்கொள்கிறது.

நிரலுக்குள் நினைவகக் கசிவைத் தேடும் கருவிகள் வேறு வழியில் வளர்ந்தன. ரீட் ஹேஸ்டிங்ஸின் ப்யூரிஃபை 1990களின் தொடக்கத்தில் வந்தது (பின்னாளில் நெட்ஃப்ளிக்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர்தான்). 2002-இல் ஜூலியன் சீவார்டின் வால்கிரைண்ட் வந்தது. இரண்டும் அருமையானவை. ஆனால் வால்கிரைண்டின் கீழ் நிரல் 20, 30 மடங்கு மெதுவாக ஓடும். வாடிக்கையாளர்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் புரொடக்‌ஷன் சர்வரில் அதை ஏற்ற யாருக்கும் துணிவு வராது.

ஓடுவதை நிறுத்தாமல், மறுபடி கம்பைல் செய்யாமல் உள்ளே பார்ப்பது எப்படி என்ற இந்த இடத்தில்தான் பெங்களூரின் பங்கு தொடங்குகிறது. ஐபிஎம்மின் ஓஎஸ்/2 இயங்குதளத்திலிருந்த டைனமிக் ட்ரேஸ் என்ற உத்தி, டிப்ரோப்ஸ் என்ற பெயரில் லினக்ஸுக்கு வந்தது. அது லினக்ஸின் மையப்பகுதியான கர்னலில் சேர்க்க முடியாத அளவுக்குப் பெரிது. அதன் உயிர்ப்பகுதியை மட்டும் பிரித்தெடுத்ததே கேப்ரோப்ஸ். அதன் மூலநிரல் கோப்பின் தலைப்பிலேயே வரலாறு பதிந்திருக்கிறது: 2002 அக்டோபரில் ஐபிஎம்மின் பெங்களூரு ஆய்வகத்தின் வம்சி கிருஷ்ணா எழுதினார், 2004-இல் பிரசன்னா பஞ்சமுகி திருத்தினார், அதே ஆண்டு சுபர்ணா பட்டாச்சார்யா, செயற்கூறுக்கு வரும் மதிப்புகளைப் பார்க்கும் வசதியைச் சேர்த்தார். 2004 அக்டோபரில் வந்த 2.6.9 பதிப்பிலிருந்து அது லினக்ஸின் பகுதி.

உத்தி சிறியது. பார்க்க வேண்டிய கட்டளையின் முதல் பைட்டை மாற்றி, அங்கே ஒரு நிறுத்தக் கட்டளையை வைக்கிறார்கள். ஓட்டம் அங்கே வந்ததும் கர்னல் பிடிக்கிறது. நாம் கொடுத்த சிறு நிரலை ஓட்டி, மூலக் கட்டளையைத் தனியே நிறைவேற்றி, ஓட்டத்தைத் தொடர விடுகிறது. யாரும் பார்க்காதபோது செலவு ஏறக்குறைய இல்லை. 2012-இல், 3.5 பதிப்பில், ஐபிஎம்மின் ஸ்ரீகர் துரோணம்ராஜுவும் ஜிம் கெனிஸ்டனும் எழுதிய யூப்ரோப்ஸ் இதையே பயனர் நிரல்களுக்கும் கொண்டுவந்தது.

நினைவகக் கணக்கில் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. ஐபிஎம் இந்தியாவின் பல்பீர் சிங், ப்ராசஸ் குழுவின் நினைவகத்தை எண்ணி வரம்பிடும் நினைவகக் கட்டுப்படுத்தியின் முதல் வடிவத்தை 2007 பிப்ரவரியில் கர்னல் மின்னஞ்சல் பட்டியலில் முன்வைத்தார். ஓபன்விஇசட் திட்டத்தின் பாவெல் எமெலியானோவ் தன் பதிப்புகளை அனுப்பினார். நிரலின் சொந்தப் பக்கங்களை மட்டும் எண்ணுவதா, கோப்புகளுக்காகக் கர்னல் தேக்கி வைக்கும் பக்கங்களையும் சேர்ப்பதா என்ற விவாதம் எழுந்தது. ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டில் இரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்ற கருத்து வலுத்தது. 2008-இல் 2.6.25 பதிப்பில் கட்டுப்படுத்தி கர்னலுக்குள் போனது. அதே பதிப்பு, பகிர்ந்த பக்கத்தைப் பங்கிட்டுக் காட்டும் பிஎஸ்எஸ் என்ற எண்ணையும் தந்தது.

கட்டுப்படுத்தியும் பிஎஸ்எஸ்ஸும் ஒரே சிக்கலுக்கு இரு வேறு நியாயம் சொல்கின்றன. நான்கு போர்ஷன் உள்ள வீட்டில் பொது மோட்டாரின் கரண்ட் பில்லை நான்காகப் பிரிப்பது பிஎஸ்எஸ்; முதலில் சுவிட்சைப் போட்டவர் தலையில் முழு பில்லையும் கட்டுவது பல்பீர் சிங்கின் கட்டுப்படுத்தி. முதலில் தொட்டவருக்கே கணக்கு என்ற அந்த விதி நியாயமாகத் தெரியாது. ஆனால் பங்கிட வேண்டுமென்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் அதைப் பகிர்வோர் பட்டியலை ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அளப்பதற்கான செலவே அளக்கப்படுவதைத் தின்றுவிடும். ஓடும்போதே வரம்பு விதிக்க வேண்டிய ஒருவர் மலிவான விதியைத் தேர்ந்தது சரியே என்பது என் முடிவு. கண்டெய்னர்களில் நாம் இன்று வைக்கும் நினைவக வரம்பு இந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

அதன்பின் கதை வேகமெடுத்தது. 2009-இல் சிபியுவின் வன்பொருள் எண்ணிகளைப் படிக்கும் பெர்ஃப் வந்தது. 2015-இல் 4.1 பதிப்பு, கேப்ரோப்ஸ் வைக்கும் இடங்களில், கர்னலுக்குள் பாதுகாப்பாக ஓடும் சிறு நிரல்களான இபிபிஎஃப் நிரல்களைச் செருக வழி செய்தது.

ஆவடி, திருநின்றவூர் வட்டாரக் கல்லூரிகளில் இயங்குதளம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கேப்ரோப்ஸின் மூலநிரல் கோப்பும் நினைவகக் கட்டுப்படுத்தியின் ஆவணமும் யாரும் இலவசமாகத் திறந்து படிக்கக்கூடியவை. அவற்றை ஒரு வாரப் பாடமாக வையுங்கள். ஒரே ப்ராசஸுக்கு மூன்று நினைவக எண்களையும் மாணவர்களை எடுக்கச் சொல்லி, அவை ஏன் வேறுபடுகின்றன என்று எழுத்தில் விளக்கச் சொல்லுங்கள்.